உதிரி நொடிகள்

‘வணக்கமுங்க’ என்ற சொல்லைக் கண் படித்து முடிக்க முக்கால் நொடி ஆகிறது. திருப்பூரில் காலுறை பின்னும் மயிலாத்தா நிட்ஸ் கம்பெனியின் முதலாளி அங்கப்பன், அந்த முக்கால் நொடிக்காக மூன்று மாதம் சண்டை போட்டார்.

“ஊட்டுக்கு வந்தவிங்கள வாங்கன்னு கூடக் கூப்புடாம, எடுத்த எடுப்புல சாக்ஸ் வேணுமான்னா கேப்பாங்க? நம்மூருல அப்பிடிக் கேட்டா எவனாச்சும் பதில் சொல்லுவானா, அம்மிணி?”

“அவங்க நம்ம வீட்டுக்கு வரல, அண்ணாச்சி. நாமதான் அவங்க வீட்டுக்குள்ள ஏறிக் குதிக்கோம். அதுவும் நாலே நொடிக்கு. குதிச்ச இடத்துல நின்னு சாப்டீங்களான்னு விசாரிச்சா, வெளிய தள்ளிக் கதவைச் சாத்திருவாங்க.”

ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. தூத்துக்குடிக்காரி. அங்கப்பனின் கம்பெனிக்கு விளம்பர வாக்கியம் எழுதுவது அவள் வேலை. அதற்கு முன் சென்னையில் நிலைக்கண் என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் இருந்தாள். ஏன் விட்டாள் என்று அங்கப்பன் கேட்டதில்லை. அவர் ஊரில் வேலையை விட்டு வந்தவரிடம் காரணம் கேட்பது மரியாதை இல்லை.

நாலு நொடிக் கணக்கு நோக்கு வரம்புச் சட்டத்தால் வந்தது. கைப்பேசியின் முன்பக்கக் கேமரா, விளம்பரத்தின் மேல் கண் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று எண்ணும். ஒருவரிடமிருந்து ஒரு நாளைக்கு நூறு நொடிக்கு மேல் யாரும் எடுக்கக் கூடாது. நூறு முடிந்தால் திரை தானாகவே விளம்பரங்களுக்கு மூடிக்கொள்ளும். சாலை விபத்துகளும் தூக்கமின்மையும் பெருகிய பிறகு, எல்லாக் கட்சிகளும் சேர்ந்து கை தூக்கிய அபூர்வமான சட்டம் அது. மக்கள் உண்மையிலேயே மகிழ்ந்தார்கள். ஆனால் நூறு நொடிதான் என்றானதும் அந்த நூறுக்குப் போட்டி வந்தது. பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கானவர்களின் நொடிகளை ஆண்டு ஒப்பந்தத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டன.

“அப்போ நம்மள மாதிரி ஆளுகளுக்கு?” என்று முதல் நாளே அங்கப்பன் கேட்டிருந்தார்.

“உதிரி கிடைக்கும், அண்ணாச்சி. பூக்கடையில மாலை கட்டி முடிச்சப்புறம் சாக்குல கொஞ்சம் பூ மிஞ்சிக் கெடக்கும்லா? அந்த மாதிரி. பெரிய விளம்பரம் மூணு ஓடினா தொண்ணூத்தி அஞ்சு, தொண்ணூத்தாறு நொடி போயிரும். மிச்சம் நாலு. அதை யாரும் சீந்த மாட்டாங்க.”

“நாலு நொடில என்னத்தச் சொல்றது?”

“ஒண்ணே ஒண்ணு சொல்லலாம். யாருக்கு, எதுக்கு. அம்புட்டுதான்.”

‘நாள் முழுக்க நிற்பவரா? இந்தக் காலுறை கால்வலியைக் குறைக்கும். சர்க்கரை உள்ளவரும் போடலாம்.’ இதுதான் ஜெசிந்தா எழுதியது. படம் இல்லை, பாட்டு இல்லை, நடிகை இல்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. வணக்கம் இல்லாத அந்த விளம்பரத்தை அங்கப்பன் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். மறு வாரம் துணிக்கடைப் பெண்கள், காவலாளிகள், நடத்துநர்கள், செவிலியர்கள் என்று எங்கெங்கோ இருந்து ஆர்டர் வந்தது. பெயர் வராது, ஊர் வராது. வாங்குபவர் யார் என்பதும் அதே சட்டத்தின்படி விற்பவருக்குத் தெரியக் கூடாது. ஓர் எண் மட்டும் வரும். பொருள் கைக்குப் போகும் வரை அவர் கேள்வி கேட்கலாம், இவர்கள் பதில் சொல்லலாம். போய்ச் சேர்ந்ததும் அந்தக் கதவும் மூடிவிடும்.

“அம்மிணி, நம்ம சாக்ஸ் போட்டுட்டு நாடே நிக்குதுங்க,” என்றார் அங்கப்பன். வணக்கத்தைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ஆயுத பூசை முடிந்த பதினோராம் நாள் காலை, தரம் பார்க்கும் செக்கிங் பகுதியில் இருக்கும் பாப்பாத்தி அக்கா, அங்கப்பனும் ஜெசிந்தாவும் இருந்த முதலாளி அறைக்குள் வந்து, நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

“இதப் பாருங்க. புது லாட்டுல ஒரு ஜோடி எடுத்து நேத்துக் காத்தால போட்டனுங்க. கெண்டைக்கால்ல வளையல் மாட்டுனாப்பல ஆயிப்போச்சு. வெரலெல்லாம் வெளுத்துப்போச்சு.”

காலுறையின் மேல் விளிம்பு பதிந்த இடத்தில் ஆழமாக, கருஞ்சிவப்பாக ஒரு வளையம் இருந்தது.

“எலாஸ்டிக் கொஞ்சம் டைட்டா இருக்குமாட்ட,” என்றார் அங்கப்பன்.

“கொஞ்சமா? மொதலாளி, முப்பது வருசமா இந்த ஊர்ல துணியத் தொட்டுப் பாக்கறன். இது சாக்ஸுக்குப் போடற எலாஸ்டிக்கே இல்லீங்க. ஜட்டி இடுப்புக்குப் போடறது.”

மூவரும் பின்னல் இயந்திரங்கள் இருந்த கூடத்துக்குப் போனார்கள். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்து, அடுக்கி, இயந்திரம் முதல் கத்தரிக்கோல் வரை ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நூலும் எலாஸ்டிக்கும் சுற்றிய கோன்களுக்கும் வைத்திருந்தார்கள். அதுவும் எப்போதும் வைக்கிற இடத்தில், கோனின் முகப்பில் ஒட்டிய சீட்டின் நடுவே. எண் இருக்கிற இடம் அது. விடுமுறை முடிந்து வந்த ஆள், இடத்தைப் பார்த்து எடுத்து மாட்டியிருக்கிறார். அடுக்கும்போது இடம் மாறிவிட்டது.

அங்கப்பன் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இருந்தது வேறு எண், பனியன் கம்பெனி ஒன்றுக்காக வாங்கி வைத்திருந்த இடுப்பு எலாஸ்டிக்கின் எண்.

“நாந்தான் வெச்சன்,” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு கோனுக்கும் என் கையாலதான் வெச்சன். கெட்டியா வெச்சன்.”

பிறகு பாப்பாத்தி அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க போட்டுப் பாத்தீங்க பாருங்க. அது போதுமுங்க.”

“அய்ய, கும்புட்டுக்கிட்டு நிக்காதீங்க. வித்தது எத்தனைன்னு பாருங்க மொதல்ல.”

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போயிருந்தது.

ஜெசிந்தா தெரிந்த மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். நல்ல கால் உள்ளவர் வலிக்கிறது என்று தானாகவே கழற்றிவிடுவார், பயமில்லை என்றார் அவர். சர்க்கரையால் கால் மரத்துப் போனவர்தான் ஆபத்து. இறுகுவது தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் போட்டால் புண்ணாகும். புண் முற்றினால் கால் போகும்.

சர்க்கரை உள்ளவரும் போடலாம் என்று நாட்டுக்குச் சொன்னவள் அவள்தான்.

அரசு வழியாக எச்சரிக்கை அனுப்பலாம். அதற்கு நொடி வரம்பு கிடையாது. விண்ணப்பித்தாள். பதினைந்து வேலை நாள் ஆகும் என்று பதில் வந்தது. கூரியர்காரர்கள், ஒப்படைத்த மறுநாளே முகவரியை அழித்துவிடுவோம், சட்டம் அப்படி என்றார்கள். மீதி இருந்த வழி ஒன்றுதான். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு எண்களின் உதிரி நொடிகளை வாங்கி, விளம்பரம் போகும் வழியிலேயே செய்தியை அனுப்ப வேண்டும்.

அங்கப்பன் தானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். ‘வணக்கமுங்க. எங்களது கவனக்குறைவால் ஏற்பட்ட பிழைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். தாங்கள் எங்களிடம் வாங்கிய காலுறையில்...’

ஜெசிந்தா படித்துப் பார்த்தாள். “பதினோரு நொடி, அண்ணாச்சி. நாலாவது நொடியில ‘வருந்துகிறோம்’ வரைக்கும் வந்திருப்பாங்க. சாக்ஸே வரலை.”

“தப்புப் பண்ணீட்டு மன்னிப்புக் கேக்காம எப்பிடி அம்மிணி? மனுசனாட்டமா இருக்கும்?”

“மன்னிப்புக் கேக்கது நமக்காக. கழத்தச் சொல்லுதது அவங்களுக்காக. இருக்கது நாலு நொடி. அது யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

அங்கப்பன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

‘மயிலாத்தா காலுறையை இப்போதே கழற்றுங்கள். பட்டை காலை இறுக்குகிறது.’ கீழே ஒரு பொத்தான்: கழற்றிவிட்டேன்.

முதல் நாள் நூற்று நாற்பத்தொரு பொத்தான்கள் அழுத்தப்பட்டன. சிலர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்கள். ‘நல்லவேளை சொன்னீங்க.’ ‘அம்மா காலைப் பார்த்தேன், நன்றி.’ ‘சொல்லாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள், நன்றி சார்.’ திட்டி வந்தவை ஏழு. அங்கப்பன் திட்டுகளையும் நன்றிகளையும் ஒரே முகத்தோடு படித்தார். மறுநாள் அறுபத்திரண்டு. மூன்றாம் நாள் எட்டு. நான்காம் நாள் மதியம் பார்த்தபோது மீதி ஒன்று.

719 என்று முடியும் எண். ஜெசிந்தாவுக்கு அந்த எண் நினைவிருந்தது. வாங்கும்போது அவர் கேட்டிருந்தார்: ‘சர்க்கரை இருக்கு. கால் மரத்துப் போச்சு. போடலாமா?’ அவள் பதில் எழுதியிருந்தாள்: ‘தாராளமா போடலாம்.’

“ஏன் இவருக்கு மட்டும் போகல?” என்றார் அங்கப்பன்.

“உதிரியே மிஞ்சல, அண்ணாச்சி. ஒரே விளம்பரம் தொண்ணூத்தி எட்டு நொடி தின்னுட்டுது. உதிரிக் கணக்குல அப்படித்தான் காட்டுது, தினமும் அதே. காலையில அஞ்சே காலுக்குப் போனை எடுக்காரு, கண்ணை எடுக்காம முழுசாப் பாக்காரு. மிச்சம் ரெண்டு நொடி. ரெண்டுல ஒண்ணும் சொல்ல முடியாது.”

“தொண்ணூத்தெட்டு நொடி ஒரு மனுசன் அப்பிடி என்னத்தப் பாக்கறான்?”

அத்தனை நீளத்தில் ஒரே ஒரு விளம்பரம்தான் இருந்தது. “யானைக் குட்டி,” என்றாள் ஜெசிந்தா.

அதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. வாய்க்கால் கரையில் ஒரு யானைக் குட்டி ஏறப் பார்க்கும். சேற்றில் சறுக்கும். மறுபடி ஏறும். முன்னங்கால் மேட்டைத் தொடும் நேரம் மண் சரியும். தொண்ணூற்றெட்டாம் நொடியில் ஓர் ஆயுள் காப்பீட்டின் பெயர் மின்னி மறையும். நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. பார்ப்பவரின் கண் அசைவைப் பார்த்து, இயந்திரம் ஆளுக்கு ஆள் சறுக்கலை மாற்றும். ஒரு நாள்கூட அது கரையேறியதில்லை.

“நான் எழுதினது,” என்றாள் ஜெசிந்தா. “ஒரு மத்தியானம், சாப்டுட்டு வந்து உக்காந்து எழுதினேன். ஏறிட்டா பாத்து முடிச்சிருவாங்க, அதனால ஏறவே கூடாதுன்னு எழுதிக் குடுத்தேன். பெரிய பேரு வாங்கிக் குடுத்துச்சு. அந்த வருசமே ஒரு பெரியவர் கரும்புக் கட்டைத் தோள்ல வச்சுக்கிட்டு எங்க ஆபீஸ் வாசலுக்கு வந்துட்டாரு. அந்த வாய்க்கா எந்த ஊருல இருக்குன்னு கேட்டாரு. செக்யூரிட்டி சிரிச்சான். நான் மறுநாள் வேலைக்குப் போகலை.”

அங்கப்பன் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

நிலைக்கண்ணில் அவளோடு வேலை பார்த்த சுதர்சனன் இன்னும் அங்கே இருந்தான். அந்த யானைக் குட்டி இப்போது அவன் பொறுப்பில். நடந்ததை எல்லாம் போனில் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

“ஜெஸ், ஒரு ஆளுக்கு மட்டும் நிறுத்த முடியாது. ஆளுக்கு ஆள் மாத்தறது மெஷின். நாம கை வைக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான். அதுல வச்சா காலைல பாக்கற முப்பது லட்சம் பேருக்கும் மாறும்.”

“மாறட்டும். ஒரு நாள் ஏறட்டும். பாதியிலயே ஏறிட்டா அவருக்கு மிச்ச நொடி எனக்கு உதிரியா விழும்.”

“ஏறக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சதே நீதான். இப்பவும் பைல்ல உன் கையெழுத்து இருக்கு.”

“தெரியும்ல. அதான் உங்கிட்ட கெஞ்சுதேன்.”

“எனக்கு வேலை போகும்.”

“போகலாம்.”

“பொய்யாவது சொல்லேன், போகாதுன்னு.” அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “அந்த ஆள் காலு நிஜமாவே போயிடுமா?”

“தெரியல. மரத்துப் போன காலு. போட்டு எப்படியும் அஞ்சு நாளுக்கு மேல ஆச்சு. போடலாமான்னு எங்கிட்டதான் கேட்டாரு, சுதா. போடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“நான் எதுவும் ப்ராமிஸ் பண்ணல,” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் கம்பெனியில் இருந்தார்கள். பாப்பாத்தி அக்காவை யாரும் கூப்பிடவில்லை. தூக்குப் போசியில் காப்பியோடு தானாகவே வந்திருந்தார். அவருடைய கைப்பேசியிலும் யானைக் குட்டி வரும் என்பதால் அதையே பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஐந்து பதினைந்துக்குக் குட்டி வந்தது. ஏறியது. சறுக்கியது.

“எப்பவும் போலத்தான் இருக்குது,” என்றார் அங்கப்பன்.

இரண்டாம் முறை ஏறியது. மண் சரிந்தது. முழங்கால் வரை சேற்றில் புதைந்து நின்றது. ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்த வரிசை மனப்பாடம். மூன்றாம் முறை முன்னங்கால் மேட்டைத் தொடும், கல் பெயரும்.

“ஏறுதுங்க,” என்றார் பாப்பாத்தி அக்கா. “அட, ஏறுதுங்க! அம்மிணி, திரும்பிப் பாரு! சாமி, ஏறிப்போச்சு!”

ஐம்பத்திரண்டாம் நொடியில் குட்டி மேட்டில் நின்றது. உடம்பை ஒரு முறை உதறியது. சேறு நாலா பக்கமும் தெறித்தது. பிறகு அவசரமே இல்லாமல் கரும்புக் காட்டுக்குள் நடந்து போய்விட்டது. காப்பீட்டின் பெயர் வந்தது, நிதானமாக. அவ்வளவுதான். அக்காவின் கணக்கில் நாற்பது நொடி மிச்சம் இருந்தது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாலு வருசமாப் பாக்கறன். இத்தன நாளு எங்கிருந்தோ கல்லு பேந்துக்கிட்டே இருந்துச்சு.”

ஜெசிந்தா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 719-இன் உதிரி நொடிகள் விழுந்தன. அவளுடைய இரண்டு வாக்கியங்கள் போயின. ‘பார்த்தார்’ என்று பச்சைப் புள்ளி விழுந்தது. பொத்தான் அழுத்தப்படவில்லை. ஆறு மணி ஆயிற்று. ஷிப்டுக்கு ஆட்கள் வந்தார்கள், இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. எட்டு மணி. காப்பி ஆறிப் போயிற்று. அங்கப்பன் சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து, பிரிக்காமலே திரும்ப வைத்தார். பத்து ஐம்பதுக்கு எழுத்து மாறியது: கழற்றிவிட்டேன்.

அங்கப்பன் எழுந்து போய்ச் சாமி படத்தின் முன் நின்றார். சந்தனக் கிண்ணத்தைத் தொட்டார். என்ன நினைத்தாரோ, வெறுமனே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

சுதர்சனனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் பேசும்போது குரலில் சிரிப்பும் எரிச்சலும் கலந்திருந்தன.

“ஜெஸ், அன்னைக்கு ஒரு காலைல இன்சூரன்ஸ் கேட்டு வந்தவங்க, போன மாசம் முழுக்க வந்ததை விட ஜாஸ்தியாம். குட்டி ஏறி முடிச்சப்புறம்தான் ஜனங்க நிமிர்ந்து, இது என்ன விளம்பரம்னே பாத்திருக்காங்க. நாலு வருஷமா நாம என்ன விக்கிறோம்னே ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

“அப்ப இனிமே தினமும் ஏறுமா?”

“தினமும் இல்ல. வெள்ளிக்கிழமை மட்டும் ஏற விடலாம்னு மீட்டிங்ல முடிவாயிருக்கு.”

“மத்த நாளு?”

“மத்த நாளு உன் கையெழுத்துதான்.”

மூன்று வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே துவைத்து மடித்த இரண்டு ஜோடி காலுறைகள், கோடு போட்ட தாளில் ஒரு கடிதம். பெட்டியில் அச்சிட்டிருந்த கம்பெனி முகவரியைப் பார்த்து அனுப்பியிருந்தார். பாப்பாத்தி அக்கா சத்தமாகப் படித்தார்.

‘மயிலாத்தா கம்பெனியாருக்கு, அரியலூரிலிருந்து கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். இருபத்தாறு வருடமாக நிற்கிற வேலை. உங்கள் சாக்ஸ் போட்ட பிறகு கால் கனம் குறைந்தது போல இருந்ததால் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. அன்று காலை உங்கள் செய்தியைப் பார்த்தேன். மாவு பிசைந்து வைத்துவிட்டதால் உடனே கழற்ற முடியவில்லை. காலை வியாபாரம் முடிந்துதான் கழற்றினேன். காலில் கறுப்பாக வட்டமும் ஒரு கொப்புளமும் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். இப்போது ஆறிவிட்டது. தப்பு செய்தவர்கள் தாங்களாகவே கூப்பிட்டுச் சொல்வது நான் பார்த்ததில்லை. ரொம்ப நன்றி.

‘இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் தினம் வேலைக்குப் போகும் முன் ஒரு யானைக் குட்டியைப் பார்ப்பேன். அதை விட்டு எழுந்து போக மனசு வராது. பாவம், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஏறிவிடும் என்று ஓர் எண்ணம். அன்றைக்கு அது ஏறிவிட்டது. அதனால்தான் உங்கள் செய்தியைப் பார்க்க முடிந்தது. அந்தக் குட்டிக்கும் நன்றி. யாரிடம் சொல்வது என்று தெரியாததால் உங்களிடம் சொல்கிறேன்.’

அக்கா கடிதத்தை மடித்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்துவிட்டுச் செக்கிங் பகுதிக்குப் போனார்.

அங்கப்பன் சரியான எலாஸ்டிக் போட்ட நான்கு ஜோடிகளைத் தானே பின்ன வைத்து, தானே இழுத்துப் பார்த்து, பெட்டியில் அடுக்கினார். “கூட ஒரு கடுதாசி வெக்கோணும், அம்மிணி. நீயே எழுதிடு.”

ஜெசிந்தா பேனாவை எடுத்தாள். தாளின் மேலே ‘வணக்கமுங்க’ என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ‘அந்தக் குட்டியை நான்கு வருடம் சறுக்க விட்டவள் நான்தான்’ என்று தொடங்கினாள். அதன்பின் நிறுத்தவில்லை.

தாளின் அடி வரை வந்துவிட்டதை அங்கப்பன் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இது நாலு நொடில வருமா?”

“வராது, அண்ணாச்சி. இது நமக்காக.”

அவர் சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த தன் தாளை எடுத்து நீவி அவள் பக்கத்தில் வைத்தார். “அப்பொ இதையும் சேர்த்துக்க,” என்றார்.